முள்ளு கால் டேங்க்ல நிக்குது, வண்டி எர்ணாவூர் பாலத்துல நிக்குது – இது பெட்ரோல் பிரச்சனையா, வண்டி பிரச்சனையா?

வண்ணாரப்பேட்ட_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவன், இப்ப தான் மொத தபா எழுதறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

வண்டி 2011 மாடல் சின்ன ஹேட்ச்பேக், 1.1 லிட்டர் பெட்ரோல், 35 லிட்டர் டேங்க், 94,000 ஓடியிருக்கு. கம்பெனி பேரு வேணாம், சொன்னா உடனே "அந்த கம்பெனி வண்டியே அப்டித் தான்"னு ஒரு கூட்டம் வந்துரும். மாமனாரோட வண்டி, கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அவரு ஓட்டறதில்ல, போன வருஷம் எனக்கு குடுத்துட்டாரு. குடுக்கும்போது "லிட்டருக்கு பதினாறு குடுக்கும் மாப்ள, கண்ண மூடிகினு ஓட்டு"ன்னாரு. அவரு சொன்னா எப்டி சிரிக்காம இருக்கறது.

டெய்லி புது வண்ணாரப்பேட்டைல இருந்து மீஞ்சூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு போறேன், போக வர 50 கிலோமீட்டர் கிட்ட. அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ட்ரெய்லர் வரிசை கட்டி நின்னா நம்ம வண்டி ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துகினே போவணும், இல்லன்னா மணலி சுத்திகினு எம்எஃப்எல் ஜங்ஷன் வழியா போவணும், அங்கயும் அதே கத தான்.

விஷயம் இன்னான்னா ஒரு நாலு மாசமா மைலேஜ் சுத்தமா படுத்துருச்சு. நான் எப்பவும் ஆயிரம் ரூபாய்க்கு போடுவேன், பத்து லிட்டருக்கு கொஞ்சம் கம்மியா வரும். முள்ளு கால் டேங்க்ல இருக்கும்போது போட்டு, ஓட்டி, திரும்ப முள்ளு கால் டேங்க்குக்கு வந்ததும் ட்ரிப் மீட்டர பாத்தா 90, 95 தான் இருக்கு. அதாவது லிட்டருக்கு ஒம்பதரை. ட்ரெய்லரே அதுக்கு பக்கத்துல குடுக்கும் போல.

போன வியாழக்கிழமை நடந்தத தான் தாங்க முடியல. ராத்திரி எட்டு மணி, ட்யூட்டி முடிச்சு வந்துகினு இருக்கேன், முள்ளு கால் டேங்க்ல ஜம்முனு நிக்குது, ரிசர்வ் லைட்டு கூட எரியல. எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது ரெண்டு தபா இருமிச்சு, மூணாவது தபா ஆஃப். பின்னாடி 40 அடி ட்ரெய்லர், அவன் ஹாரன் மேல ஹாரன் அடிக்கறான், நான் என்னமோ வேணும்னே நிறுத்துன மாதிரி. ஸ்டார்ட் பண்ணா கிர்ர் கிர்ர்னு சுத்துது, புடிக்கல. கடைசில காசிமேட்டுக்கு காலியா போய்கினு இருந்த குட்டியானை ஒண்ணு நின்னுச்சு. அண்ணன் எறங்கி வந்து "இன்னா தல, டீசல் காலியா"ன்னாரு. பெட்ரோல் வண்டிண்ணா, ஆனா கால் டேங்க் காட்டுதுன்னேன். முள்ள எட்டிப் பாத்துட்டு "அது காட்டும்பா, அதுக்கு இன்னா"ன்னுட்டு கயிறு கட்டி பங்க்கு வரைக்கும் இழுத்துகினு வந்து விட்டாரு. காசு குடுத்தேன், வாங்கல. அவரு கயிறு இன்னும் என் பம்பர்ல தான் தொங்குது, மீன் வாசனையோட.

பங்க்ல ஆயிரம் ரூபாய்க்கு போட்டேன். வண்டி ஒரே அடில ஸ்டார்ட் ஆயிருச்சு. ஆனா முள்ளு அசையவே இல்ல. கால் டேங்க்ல இருந்தது கால் டேங்க்லயே இருக்கு! ஆயிரம் ரூபா எங்க போச்சு? பங்க்ல டபாய்க்கிறாங்களா? இல்ல இந்த இருபது சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் வந்ததுல இருந்து தான் இப்டியா? ஆபீஸ்ல ஒருத்தரு 100 ஆக்டேன் பெட்ரோல் போடு எல்லாம் சரியாயிடும்ங்கறாரு. வீட்ல வண்டிய தள்ளிட்டு பைக் வாங்கு உருப்படியாங்கறாங்க. பேஜாரா இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரெட்டேரி_ராக்கெட்:

ப்ரோ யோசிக்கவே வேணாம், எல்லாம் ஈ20 வேல. கரும்புச் சாற ஊத்தி வண்டி ஓட்டச் சொன்னா எப்டி ஓடும், என்னோடது 2014 வண்டி, 18 குடுத்துகினு இருந்தது இப்ப 12க்கு மேல வர மாட்டேங்குது, சர்வீஸ்ல கேட்டா "ட்ராஃபிக் சார்"ங்கறான், ட்ராஃபிக் என்ன போன வருஷம் இல்லாமலா இருந்துச்சு ரெட்டேரில? நானும் கடுப்புல ஒரு டேங்க் 100 ஆக்டேன் போட்டுப் பாத்தேன். லிட்டருக்கு அம்பது ரூபாய்க்கு மேல கூட. வண்டி கொஞ்சம் ஸ்மூத்தா போற மாதிரி இருந்துச்சு, ஆனா அவ்ளோ காசு குடுத்ததுக்கு அப்புறம் ஸ்மூத்தா இல்லன்னு சொல்ல யாருக்கு மனசு வரும் சொல்லுங்க.

டேங்கர்_தாத்தா:

தம்பி, நான் தண்டையார்பேட்டை டெர்மினல்ல இருந்து 27 வருஷம் டேங்கர் லாரி ஓட்டுனவன். இப்ப ரிட்டயர்ட். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், கேட்டா கேளுங்க.

மொதல்ல இந்த "அந்த கம்பெனி பெட்ரோல் நல்லாருக்கும், இந்த கம்பெனி பெட்ரோல் தண்ணியா இருக்கும்"ங்கற பேச்ச விடுங்க. நம்ம மணலி ரிஃபைனரி 1965ல மெட்ராஸ் ரிஃபைனரீஸ்னு ஆரம்பிச்சது, அங்க இருந்து வர்ற பெட்ரோலுக்கு பங்க்கு போர்டு என்ன கலர்னு தெரியாது. கம்பெனிக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் சரக்கு வாங்கி குடுத்துக்கறது வழக்கம் தான். பவர், ஸ்பீடுன்னு வேற பேர்ல விக்கறாங்களே, அதுல சேக்கற அடிட்டிவ்லயும் ஆக்டேன்லயும் தான் வித்தியாசம். எத்தனாலும் ரிஃபைனரில கலக்கறது இல்ல. அது தனி லாரில வந்து டெப்போல எறங்கும், அங்க தான் கலந்து லோடு அடிப்பாங்க. மழ நாள்ல பெட்ரோல்ல தண்ணி கலந்துருச்சுன்னா மைலேஜ் கம்மி ஆவும்னு நெனைக்கறாங்க. எத்தனால் தண்ணிய இழுத்துக்கும், அளவுக்கு மேல போச்சுன்னா ரெண்டும் சேந்து பெட்ரோல விட்டு பிரிஞ்சு டேங்க் அடில போய் குந்திக்கும். பம்ப்பு அடில இருந்து தான் உறிஞ்சும். அப்ப மைலேஜ் இல்ல தம்பி, வண்டியே பங்க்கு வாசல் தாண்டாது. உன் வண்டி பெட்ரோல் போட்டதும் ஒரே அடில ஸ்டார்ட் ஆச்சுன்னு நீயே எழுதியிருக்க, அப்ப சரக்கு மேல குத்தம் இல்ல.

அளவுல சந்தேகம்னா சண்ட போடாத, கேளு. ஒவ்வொரு பங்க்லயும் எடை அளவு டிபார்ட்மென்ட் முத்திர போட்ட அஞ்சு லிட்டர் அளவ வச்சிருக்கணும். யார் கேட்டாலும் அதுல புடிச்சு காட்டணும். அஞ்சு லிட்டருக்கு 25 மில்லி முன்ன பின்ன இருக்கலாம், அதுக்கு மேல கொறைஞ்சா புகார் குடுக்கலாம். ஃபில்டர் பேப்பரும் கேக்கலாம், நாசில் வாய தொடச்சுட்டு ஒரு சொட்டு விட்டா ரெண்டு நிமிஷத்துல கறை இல்லாம காயணும், கறை நின்னா கலப்படம்னு சந்தேகப்படலாம். அன்னன்னிக்கு பெட்ரோலோட டென்சிட்டியும், அதான் அடர்த்தி, எழுதி வச்சிருப்பாங்க. இதெல்லாம் நம்ம உரிம, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா போடும்போது ஜீரோ பாக்காம செல்லு பாத்துகினு இருந்துட்டு அப்புறம் வந்து அழுதா அதுக்கு நான் பொறுப்பு இல்ல.

இன்னொண்ணு, யாராவது "காலைல வெள்ளென போட்டா பெட்ரோல் கெட்டியா இருக்கும், நிறைய வரும்"னு சொல்ல வருவாங்க. டேங்க்கு பூமிக்கு அடில இருக்கு, காலைல சாயந்தரம் சூடு பெருசா மாறாது. அப்டியே ரெண்டு டிகிரி மாறுனாலும் பத்து லிட்டருக்கு 20 மில்லி, அதாவது ரெண்டு ரூபா. அந்த ரெண்டு ரூபாய்க்கு அஞ்சு மணிக்கு எந்திரிக்கறதுக்கு பதிலா தூங்கலாம்.

மாதவரம்_மதி:

தாத்தா சொன்னது அத்தனையும் கரெக்ட். கணக்கு பக்கத்த மட்டும் நான் பாக்கறேன், ஏன்னா இந்த ஈ20 பேச்ச கேட்டு கேட்டு காது புளிச்சுருச்சு.

எத்தனால் ஒரு லிட்டர்ல இருக்கற சக்தி பெட்ரோல்ல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்கு தான். அப்ப அஞ்சுல ஒரு பங்கு எத்தனால் கலந்தா மொத்தத்துல ஆறு, ஏழு சதவீதம் கம்மி ஆகும். நிதி ஆயோக் 2021ல போட்ட ரிப்போர்ட்லயே பழைய டைப் கார்களுக்கு 6லருந்து 7 சதவீதம்னு தான் இருக்கு. அதுவும் சுத்தமான பெட்ரோலோட ஒப்பிட்டா! ராக்கெட் ப்ரோ, நீங்க சுத்தமான பெட்ரோல்ல எப்ப கடைசியா ஓட்டுனீங்க? 2022 ஜூன்லயே நாடு முழுக்க சராசரி 10 சதவீதம் வந்துருச்சு, 2023 பிப்ரவரில ஈ20 ஆரம்பிச்சாங்க. பத்துல இருந்து இருபதுக்கு போனதுல மூணு, நாலு சதவீதம் தான் வித்தியாசம். 18 குடுத்த வண்டி 17 ஆகலாம், பதினேழுக்கு கொஞ்சம் மேலயும் இருக்கலாம். 12 ஆச்சுன்னா நடுவுல அஞ்சு கிலோமீட்டர வேற யாரோ தின்னுருக்காங்க. கவர்மென்ட்ட திட்டறதுக்கு எனக்கும் காரணம் இருக்கு, பழைய வண்டிக்காரங்களுக்கு பங்க்ல சாதா பெட்ரோல்ல வேற ஆப்ஷனே இல்லாம பண்ணது எனக்கும் புடிக்கல தான், அதுக்காக ஸ்பார்க் ப்ளக்கு மாத்தாத குத்தத்தையும் அங்க கொண்டு போய் வைக்க முடியாதே.

பங்க்ல ஏமாத்தறாங்கன்னே வச்சுப்போம். வாசி சார், 16 வந்துகினு இருந்தது 9.5 ஆகணும்னா பத்து லிட்டருக்கு ஆறு லிட்டர் தான் ஊத்தியிருக்கணும். எவ்ளோ பெரிய கில்லாடியா இருந்தாலும் நாலு லிட்டர எங்க ஒளிப்பான்?

100 ஆக்டேன் பத்தி. ஆக்டேன்ங்கறது சக்தி கிடையாது, எஞ்சின் உள்ள பெட்ரோல் தானா முந்திக்கிட்டு வெடிக்காம தாங்கற அளவு. கம்ப்ரஷன் அதிகமா இருக்கற வண்டி, டர்போ வண்டிக்கு அர்த்தம் இருக்கு. உங்க 1.1 லிட்டருக்கு அத ஊத்தறது பரோட்டா கடைல போய் டிஷ்யூ பேப்பர் கேக்கற மாதிரி. மேனுவல எடுத்து பாருங்க, அதுல போட்டிருக்கற ஆக்டேனுக்கு மேல போட்டு பிரயோஜனம் இல்ல.

இப்ப முக்கியமான விஷயம். உங்க 9.5 எப்டி வந்துச்சு? முள்ள பாத்து. உங்க முள்ளு தான் காலி டேங்க்கையும் கால் டேங்க்னு காட்டுதே! அப்ப "கால் டேங்க்ல போட்டேன், கால் டேங்க்குக்கு வந்துச்சு"ங்கற கணக்குல மொத கால் டேங்க் வேற, ரெண்டாவது கால் டேங்க் வேற. ஒண்ணுல எட்டு லிட்டர் இருந்திருக்கும், இன்னொண்ணுல மூணு லிட்டர் இருந்திருக்கும். அந்த ஒம்பதரைய மறந்துருங்க.

சரியா அளக்க ஒரே வழி டேங்க் டு டேங்க். நாசில் தானா கட் ஆகற வரைக்கும் ஃபுல் போடுங்க, கட் ஆனதும் நிறுத்திருங்க, பையன் "ரவுண்டா ஆக்கிடவா சார்"னு கேப்பான், வேணாம்னுருங்க. ட்ரிப் மீட்டர ஜீரோ பண்ணி ஒரு வாரம் ஓட்டிட்டு அதே பங்க், அதே மிஷின்ல திரும்ப கட்-ஆஃப் வரைக்கும். ஓடுன கிலோமீட்டர ரெண்டாவது தபா போட்ட லிட்டரால வகுங்க. ஒரு தபா போதாது, ரெண்டு மூணு டேங்க் பண்ணுங்க. ஃபுல் போடும்போது மேனுவல்ல 35ன்னு இருக்க 37 ஏறுச்சுன்னா உடனே வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போடாதீங்க. கம்பெனி சொல்ற அளவுக்கு மேல டேங்க்ல, குழாய்ல இடம் இருக்கும், பெட்ரோல் சூட்டுல விரியறதுக்குன்னு விட்டு வச்ச இடம் அது.

புது வண்டி வச்சிருக்கறவங்களுக்கும் இதே தான். என் வண்டில ஸ்க்ரீன் 18.2ன்னு காட்டும், நோட்டுல போட்டு பாத்தா 16.7. இன்னும் எத்தன கிலோமீட்டர் ஓடும்னு காட்டுதே, அது கடைசியா நீங்க ஓட்டுன விதத்த வச்சு போடற கணக்கு. மூலக்கடை சிக்னல்ல ஏசிய போட்டு பத்து நிமிஷம் நின்னேன், 62ன்னு இருந்தது 51 ஆயிருச்சு, நான் ஒரு இஞ்ச் நகரல.

ரெட்டேரி_ராக்கெட்:

மதி அக்கா ப்ளக்கு விஷயம் எப்டி கண்டுபுடிச்சீங்க 😂 40,000 ஓடிருச்சு மாத்தி

ஜீவா_ஷெட்:

வணக்கம். வியாசர்பாடில சின்னதா ஷெட் வச்சிருக்கேன். டைப் அடிக்க நேரம் இல்ல, அதனால கையில வந்தத எழுதறேன்.

வாசி தம்பி உன் வண்டில ரெண்டு வேற வேற வியாதி இருக்கு, நீ ஒண்ணா போட்டு கொழப்பிகினு இருக்க. முள்ளு ஒரு வியாதி. மைலேஜ் இன்னொரு வியாதி.

முள்ளு எப்டி வேல செய்யுது தெரியுமா. டேங்க் உள்ள ஒரு கம்பி, அதோட நுனில ஒரு மிதவ. பெட்ரோல் ஏறுனா ஏறும் எறங்குனா எறங்கும். கம்பியோட இன்னொரு முனைல ஒரு பித்தள விரல் மாதிரி இருக்கும், அது ஒரு சின்ன ப்ளேட் மேல தேய்ச்சுகினே போவும், அந்த தேய்ப்புக்கு ஏத்த மாதிரி கரண்டு மாறும், முள்ளு நகரும். அவ்ளோ தான் சமாச்சாரம். நாங்க டேங்க் யூனிட்னு சொல்லுவோம். டெய்லி முன்னூறுக்கும் ஐநூறுக்கும் பெட்ரோல் போடற வண்டில மிதவ எப்பவும் அடிலயே ஆடிகினு இருக்கும், ப்ளேட்டு அந்த எடத்துல மட்டும் தேஞ்சு போவும். அப்ப முள்ளு குதிக்கும், திடீர்னு ஃபுல்லு காட்டும், திடீர்னு காலி காட்டும். நம்ம ஏரியால இன்னொரு தொல்ல உப்புக் காத்து. காசிமேடு, திருவொற்றியூர் வண்டிங்கள்ல எர்த் வயர் துரு புடிச்சு முள்ளு தப்பா காட்டறத நான் நெறைய பாத்துட்டேன், ஒரு எமரி பேப்பர் போட்டு தேய்ச்சா சரியாயிடும், அதுக்கு மீட்டரயே மாத்துனவங்களும் இருக்காங்க.

ஆனா உன்னுது குதிக்கல. கால் டேங்க்ல வந்து நின்னுருது. காலி ஆனாலும் அங்கயே, பத்து லிட்டர் போட்டாலும் அங்கயே. 35 லிட்டர்ல பத்து லிட்டர் போட்டா கால் டேங்க்குக்கு ஒரு நூலு மேல தான் வரும், அதனால ஆயிரம் ரூபா எங்கயும் போவல, டேங்க்ல தான் இருக்கு. மிதவ கம்பி கால் டேங்க்குக்கு கீழ எறங்க முடியாம எதுலயோ மாட்டுது. ரிசர்வ் லைட்டும் உன் வண்டில அதே யூனிட்ட பாத்து தான் எரியும், அது கீழ எறங்கலன்னா லைட்டு எப்டி எரியும். பெட்ரோல் பம்ப்பு எப்பயாவது மாத்துனாங்களான்னு மாமனார கேளு.

சரி பண்ற வரைக்கும் அரை டேங்க்குக்கு கீழ விடாத. பம்ப்பு டேங்க்குக்கு உள்ளயே இருக்கு, பெட்ரோல்ல முங்கி இருந்தா தான் சூடு ஆறும். காலில ஓட்டி ஓட்டி பம்ப்பு போச்சுன்னா அது பெரிய செலவு.

மைலேஜுக்கு நான் ரெண்டு கேள்வி கேக்கறேன், பதில் சொல்லு, அப்புறம் பேசலாம். வீட்டுக்கு வந்து நிறுத்துன ஒடனே நாலு வீலு கிட்டயும் கைய கொண்டு போ, தொடாத, சுட்டுரும், கிட்ட கொண்டு போனா போதும். எதாவது ஒண்ணு மட்டும் அடுப்பு மாதிரி அடிக்குதா? ரெண்டாவது, அரை மணி நேரம் ஓட்டுன அப்புறம் டெம்பரேச்சர் முள்ளு எங்க நிக்குது?

வண்ணாரப்பேட்ட_வாசி:

ஜீவா அண்ணா, மாமனார கேட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி பம்ப்பு மாத்துனாராம், "அப்ப இருந்தே முள்ளு கொஞ்சம் சோம்பேறி தான் மாப்ள, நான் கிலோமீட்டர் பாத்து போடுவேன்"ங்கறாரு. இத வண்டி குடுக்கும்போது சொல்லியிருக்கலாம்ல!

இன்னிக்கு செக் பண்ணேன். முன்னாடி லெஃப்ட் வீலு கிட்ட கைய கொண்டு போனா நல்லா அடிக்குது, ரைட்டு அவ்ளோ இல்ல. டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கு கீழயே தான் நிக்குது, அடி கோட்டுக்கு கொஞ்சம் மேல. நான் அது நல்லதுன்னு நெனச்சேன், எஞ்சின் கூலா இருக்குன்னு. அஞ்சு மாசம் முன்னாடி ரேடியேட்டர் ஹோஸ் லீக் ஆச்சு, ஒரு ஷெட்ல குடுத்து மாத்துனேன். அப்ப இருந்து சூடே ஆவல, நல்லா பண்ணியிருக்காருன்னு அவருக்கு நூறு ரூபா எக்ஸ்ட்ரா வேற குடுத்தேன்.

ஜீவா_ஷெட்:

அந்த நூற திரும்ப வாங்கு.

உள்ள தெர்மோஸ்டாட்ட கழட்டி போட்டிருப்பாரு. நம்ம ஊருல பாதி பேருக்கு இந்த பழக்கம், "சென்னை வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு தூக்கி எறிஞ்சுருவாங்க. எஞ்சின் சூடு ஏற வரைக்கும் தண்ணி ரேடியேட்டருக்கு போகாம மூடி வைக்கற வால்வு அது. அது இல்லன்னா மொத நிமிஷத்துல இருந்தே தண்ணி சுத்திகினு இருக்கும், எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே வராது. கம்ப்யூட்டரு இன்னா நெனைக்கும், எஞ்சின் இன்னும் குளிர்ல இருக்குன்னு பெட்ரோல அதிகமா அடிச்சுகினே இருக்கும். பழைய வண்டில சோக்க இழுத்து விட்டுகினே ஓட்டுன மாதிரி. வெயில் ஊருல எஞ்சினும் தொண்ணூறு டிகிரி கிட்ட தான் ஓடணும், ஊட்டிலயும் அதே தான்.

லெஃப்ட்ல பிரேக்கு புடிச்சிருக்கு. கேலிப்பர்னு பிரேக் பேட அமுக்கற பிடி ஒண்ணு இருக்கு, அதோட பின்னு துரு ஏறி இறுகியிருக்கும், கால எடுத்தாலும் பேடு விடாது. டயர்ல காத்து எவ்ளோன்னு பாத்தியா? டிரைவர் பக்க கதவ தொறந்தா ஸ்டிக்கர் இருக்கும், அது பிரகாரம் வை, காலைல டயர் ஆறி இருக்கும்போது புடி.

ஒரு வார்த்த, டேங்க் யூனிட்ட நீயே கழட்டறேன்னு பின் சீட்ட தூக்காத. யூடியூப்ல சுளுவா இருக்கும். உள்ள இருந்து வர்ற ஆவிக்கு ஒரு பொறி போதும். பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு, காத்தோட்டமான எடத்துல, தெரிஞ்சவன் தான் செய்யணும். பக்கத்துல ஊதுபத்தி கூட கூடாது, ஷெட்ல வெள்ளிக்கிழம பூஜ முடியற வரைக்கும் நான் டேங்க்க தொறக்கறதே இல்ல.

டேங்கர்_தாத்தா:

ஜீவா சொல்றது கரெக்ட். மொத அளந்துட்டு அப்புறம் ரிப்பேர் பண்ணு தம்பி. இல்லன்னா எதனால ஏறுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

கொருக்குப்பேட்ட_கேட்:

எல்லாம் சரி, எங்க ஏரியா ரயில்வே கேட்ல நின்னு போற பெட்ரோலுக்கு எந்த தெர்மோஸ்டாட் மாத்தணும்

மாதவரம்_மதி:

எஞ்சின ஆஃப் பண்ணணும் 🙂 ஏசியோட ஐட்லிங்ல நின்னா மணிக்கு ஒரு லிட்டர் கிட்ட போயிடும். கேட்டு மூடி கூட்ஸ் வர்ற வரைக்கும் எல்லாரும் உறுமிகினு நிக்கறத பாத்தா எனக்கு தான் வயிறு எரியுது.

வண்ணாரப்பேட்ட_வாசி:

மூணு வாரம் கழிச்சு வந்திருக்கேன், சொன்னபடி செஞ்சுட்டு தான் வந்திருக்கேன்.

மொதல்ல பங்க்ல அஞ்சு லிட்டர் அளவ கேட்டேன். கேக்கறதுக்கு முன்னாடி மூணு தபா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துகினேன். சண்டைக்கு வருவாங்கன்னு நெனச்சா, சூப்பர்வைசர் "வாங்க சார்"ன்னு உள்ள இருந்து அலுமினிய குடுவைய எடுத்து வந்து புடிச்சு காட்டுனாரு. கோட்டுக்கு நேரா நின்னுச்சு. பின்னாடி நின்ன பைக்காரங்க தான் என்ன மொறச்சாங்க. நாலு மாசமா மனசுல திட்டிகினு இருந்த பங்க் அது, கொஞ்சம் சங்கடமா தான் இருந்துச்சு, கெளம்பும்போது ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தேன்.

டேங்க் டு டேங்க் கணக்கு: மொத தபா 186 கிலோமீட்டர், 15 லிட்டர், அதாவது 12.4. ரெண்டாவது 203 கிலோமீட்டர், 16.1 லிட்டர், 12.6. ஆக ஒம்பதரை பொய், மதி மேடம் சொன்னது சரி. ஆனா பதினாறும் இல்ல.

அப்புறம் ஜீவா அண்ணன் ஷெட்டுக்கே போயிட்டேன். கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னுதுன்னு சுத்திகினு போனது தனி கத. தெர்மோஸ்டாட் வைக்கற எடத்த தொறந்தாரு, உள்ள ஒண்ணுமே இல்ல, காலி. விரல விட்டு சுத்தி காட்டுனாரு, "பாத்துக்கோ, இங்க தான் உன் பெட்ரோல் போச்சு". லெஃப்ட் கேலிப்பர் பின்ன சுத்தியால தட்டி தான் கழட்டுனாரு, அவ்ளோ துரு. ரெண்டையும் முடிச்சுட்டு பின் சீட்ட தூக்கி யூனிட்ட வெளிய எடுத்தாரு. இது தான் எனக்கு புடிச்ச கட்டம். ப்ளேட்டு தேயவே இல்ல, புதுசு மாதிரி இருந்துச்சு. கம்பி தான் லேசா வளைஞ்சிருக்கு, வெரல் தடிமன் கூட இல்ல. பம்ப்பு மாத்தும்போது ஓட்டை வழியா அமுக்கி சொருகியிருக்காங்க, அப்ப வளைஞ்சிருக்கு. எறங்கும்போது மிதவ பம்ப்போட பிளாஸ்டிக் விளிம்புல போய் ஒக்காந்துக்குது. அண்ணன் கட்டிங் பிளேயர்ல ஒரு திருகு, கையில புடிச்சு மேல கீழ ஆட்டி காட்டுனாரு, அடி வரைக்கும் போச்சு. மல்டிமீட்டர வச்சு நம்பர் குதிக்காம ஏறி எறங்குதான்னும் பாத்தாரு. முள்ளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செலவு சைபர், ரப்பர் கேஸ்கெட் மட்டும் புதுசு போட்டாரு. பழசு ஈ20ல ஊறி தளதளன்னு ஆயிருந்துச்சு, ராக்கெட் ப்ரோவுக்காக இத சொல்லிடறேன்.

அதுக்கப்புறம் போட்ட டேங்க்: 241 கிலோமீட்டர், 15.9 லிட்டர், 15.1க்கு கொஞ்சம் மேல. அதே ரோடு, அதே ட்ரெய்லர், அதே பெட்ரோல். டெம்பரேச்சர் முள்ளு இப்ப பாதில நிக்குது, மொத ரெண்டு நாள் பயந்துகினே ஓட்டுனேன். ரிசர்வ் லைட்டு முந்தாநேத்து மொத தபா எரிஞ்சுது, போட்டோ எடுத்து மாமனாருக்கு அனுப்புனேன். "அந்த லைட்டு வேல செய்யுமா?"ன்னு திருப்பி கேக்கறாரு. பதினஞ்சுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாரு, நீ கால அழுத்தற மாப்ளங்கறாரு.

அந்த குட்டியானை அண்ணன மட்டும் கண்டுபுடிக்க முடியல. ரெண்டு நாள் விடிகாலைல காசிமேடு மார்க்கெட் வாசல்ல நின்னு பாத்தேன், அங்க அத்தன குட்டியானை நிக்குது, எல்லாம் ஒரே மாதிரி. கயிறு டிக்கில இருக்கு. வஞ்சிரம் ஒரு கிலோ வாங்கிகினு வந்தது தான் மிச்சம்.

ரெட்டேரி_ராக்கெட்:

நானும் ப்ளக்கு, ஏர் ஃபில்டர் மாத்திட்டேன். ஏர் ஃபில்டர கழட்டுனா உள்ள ஒரு காஞ்ச புளியமரத்து எல, மண்ணு, ஒரு கரப்பான். மதி அக்கா கிட்ட சொல்லாதீங்க. 14.8 வருது. மிச்சத்துக்கு நான் ஈ20ய தான் திட்டுவேன்.

ஜீவா_ஷெட்:

வாசி, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். நான் ரேடியேட்டர்ல போட்ட கூலண்ட் நீ போற வழில கொறஞ்சு டாப்அப் பண்ணியா? பண்ணியிருந்தா என்ன ஊத்துன? போர் தண்ணி ஊத்தியிருந்தா இப்பவே சொல்லு.

வண்ணாரப்பேட்ட_வாசி:

இல்லண்ணா, நீங்க குடுத்து விட்ட பச்ச பாட்டில் தான். கோட்டுக்கு நேரா நிக்குது.

ஜீவா_ஷெட்:

ரைட்டு. ஓட்டு.